சாஃப்ட்வேர் போட்டதுக்கு அப்புறம் கம்ப்யூட்டர் ஆன் ஆகும்போதே க்ராஷ் ஆகுதா? ஃபார்மேட் பண்றதுக்கு முன்னாடி இதைப் படிங்க

புதுசா ஒரு சாஃப்ட்வேர் போட்டீங்க, ரீஸ்டார்ட் பண்ணச் சொல்லிக் கேட்டுச்சு, பண்ணீங்க, அவ்ளோதான். லோகோ வருது, புள்ளி சுத்துது, திரை நீலமாகி ஏதோ எழுத்து வருது, படிக்கறதுக்குள்ள ஆஃப் ஆகி மறுபடி ஆன் ஆகுது, திரும்ப அதே கதை. இந்த இடத்துல பயந்துபோய் யாரையாவது கூப்பிட்டா பாதிப் பேர் சொல்றது ஃபார்மேட் பண்ணிடலாம்னுதான். தயவுசெஞ்சு அவசரப்படாதீங்க. உங்க ஃபைல் எல்லாம் அநேகமா அப்படியே உள்ளேதான் இருக்கு. நடந்தது என்னன்னா, நீங்க போட்ட சாஃப்ட்வேர், விண்டோஸ் எழுந்திருக்கும்போதே தானும் கூட எழுந்திருக்குற மாதிரி தன்னைப் பதிஞ்சு வச்சிருக்கு, எழும்போது தடுக்கி விழுது, விழும்போது விண்டோஸையும் சேத்து இழுத்துட்டு விழுது.

அதனால நம்ம வேலை விண்டோஸை புதுசா போடறது இல்ல. முதல்ல அந்த ஒண்ணை எழவிடாம பண்ணணும், அப்புறம்தான் அதை வெளிய எடுக்கணும். இந்த வரிசையை மாத்திப் பண்றதாலதான் நிறைய பேர் மாட்டிக்கறாங்க, ஏன்னு கீழ சொல்றேன். நான் சொல்றது எல்லாம் விண்டோஸ் 10, 11க்கு.

முதல்ல எந்த இடத்துல விழுதுன்னு பாருங்க

எதையும் தொடாம ஒரு தடவை ஆன் பண்ணி, கையைக் கட்டிக்கிட்டு திரையை மட்டும் பாருங்க. விழற இடத்தை வச்சே பாதி விஷயம் தெரிஞ்சிடும்.

கம்பெனி லோகோ கூட வரல, திரை முழுக்க இருட்டு, இல்ல பீப் பீப்னு சத்தம் மட்டும் வருதுன்னா அது நீங்க போட்ட சாஃப்ட்வேரால இருக்கறது ரொம்ப அபூர்வம், ஏன்னா அந்த நேரத்துல விண்டோஸே இன்னும் ஆரம்பிக்கல. அப்ப ராம், டிஸ்க், பவர் சப்ளை பக்கம் பாக்கணும், இந்தக் கட்டுரை அதுக்கு உதவாது.

லோகோவுக்குக் கீழ புள்ளி சுத்தும்போதே விழுதுன்னா சந்தேகம் டிரைவர் மேலதான், அதாவது ஒரு சாமானையோ சாஃப்ட்வேரையோ விண்டோஸோட உள்பகுதியோட பேச வைக்கற சின்ன ப்ரோக்ராம். டிரைவர்னா கிராஃபிக்ஸ் கார்டு, பிரின்டர் மாதிரி சாமானுக்கு மட்டும்தான்னு நினைச்சுக்காதீங்க. ஆன்டிவைரஸ், விபிஎன், கேமோட ஆன்டி சீட், ஃபேன் வேகத்தையும் கலர் லைட்டையும் மாத்தற சாஃப்ட்வேர், வெர்ச்சுவல் சிடி டிரைவ், டிஸ்க் என்க்ரிப்ஷன், இது எல்லாமே தனக்குன்னு ஒரு டிரைவரை விண்டோஸோட கர்னலுக்குள்ள (அதோட மையப் பகுதிக்குள்ள) கொண்டு போய் வைக்கும். சாதாரண ப்ரோக்ராம் தப்பு பண்ணினா அது மட்டும் மூடிக்கும். கர்னலுக்குள்ள இருக்கறது தப்பு பண்ணினா மெஷினே நின்னுடும், டேட்டா கெட்டுடக் கூடாதேன்னு விண்டோஸ் வேணும்னே நிறுத்திடும், அதுதான் அந்த நீலத் திரை.

லாகின் திரை வரைக்கும் வந்து பாஸ்வேர்டு போட்டதும் விழுதுன்னா பெரும்பாலும் சர்வீஸ் (பின்னணில ஓடற ப்ரோக்ராம்), இல்ல டிஸ்ப்ளே சம்பந்தப்பட்டது. டெஸ்க்டாப்பே வந்து ஐகான் எல்லாம் தெரிஞ்சு அரை நிமிஷம் கழிச்சு தொங்குதுன்னா ஸ்டார்ட்அப் லிஸ்ட்ல உக்காந்திருக்கற ஏதோ ஒரு ப்ரோக்ராம், இதுதான் இருக்கறதுலயே சுலபமான கேஸ்.

நீலத் திரை வந்தா ஃபோன்ல ஒரு போட்டோ எடுத்துக்கோங்க (விண்டோஸ் 11ல 2025ல வந்த அப்டேட்டுக்கு அப்புறம் அது நீலமா இல்லாம கறுப்பா வருது, பயப்படாதீங்க, அதே திரைதான்). அதுல ஸ்டாப் கோடுன்னு ஒரு வரி இருக்கும், சில சமயம் அதுக்குக் கீழ வாட் ஃபெயில்டுன்னு போட்டு டாட் எஸ்ஒய்எஸ்னு முடியற ஒரு ஃபைல் பேரும் இருக்கும். அந்தப் பேரு கிடைச்சா பாதி வேலை முடிஞ்சது. ஆனா நேரா அதுதான் குற்றவாளின்னும் முடிவு பண்ணிடாதீங்க, சில நேரம் விண்டோஸோட சொந்த ஃபைல் பேரே வரும், வேற ஒருத்தன் தள்ளிவிட்டு இது விழுந்திருக்கும்.

சேஃப் மோடுக்குள்ள போறது

சேஃப் மோடுன்னா விண்டோஸ் தனக்கு அத்தியாவசியமான டிரைவரையும் சர்வீஸையும் மட்டும் வச்சு எழறது. வெளியாளைப் பெரும்பாலும் உள்ள விடாது, ஸ்டார்ட்அப் லிஸ்டையும் ஓட்டாது. அதனால சேஃப் மோடுல நல்லா ஓடி, சாதாரணமா ஓடலன்னா, பிரச்சனை வெளியேந்து வந்த ஏதோ ஒண்ணுதான்னு கிட்டத்தட்ட உறுதி.

லாகின் திரை வரைக்கும் வருதுன்னா சுலபம். ஷிஃப்ட் கீயை அழுத்திப் பிடிச்சுக்கிட்டே பவர் ஐகான்ல ரீஸ்டார்ட் கொடுங்க. அதுவரைக்கும் வரலன்னா, லோகோ வரும்போது பவர் பட்டனை ஒரு 10 செகண்ட் அழுத்திப் பிடிச்சு ஆஃப் பண்ணுங்க, ஆன் பண்ணுங்க, மறுபடி லோகோ வரும்போது அதே மாதிரி ஆஃப் பண்ணுங்க, மூணாவது தடவை தானே ரிப்பேர் திரைக்குப் போகும். தானாவே தொடர்ந்து க்ராஷ் ஆகிட்டு இருந்தா இதைக் கூட பண்ண வேண்டாம், ரெண்டு மூணு தடவை விழுந்ததும் அதுவே அங்க போயிடும். ஒரே ஒரு எச்சரிக்கை, திரையில அப்டேட் நடக்குது, இத்தனை சதவீதம்னு ஓடிட்டு இருந்தா மட்டும் பவரை நிறுத்தவே கூடாது. பழைய எஃப்8 பழக்கம் விண்டோஸ் 7 வரைக்கும்தான், இப்ப அது தானா வேலை செய்யாது.

ரிப்பேர் திரையில ட்ரபுள்ஷூட், அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ், ஸ்டார்ட்அப் செட்டிங்ஸ், ரீஸ்டார்ட்னு போங்க. ஒரு நம்பர் லிஸ்ட் வரும். 4 அழுத்தினா சேஃப் மோடு, 5 அழுத்தினா நெட்வொர்க்கோட சேஃப் மோடு. அதே லிஸ்ட்ல 9ம் நம்பரையும் ஞாபகம் வச்சுக்கோங்க, க்ராஷ் ஆனதும் தானா ரீஸ்டார்ட் ஆகறதை அது நிறுத்தும், நீலத் திரை கண்ணுல நிக்காம ஓடிப்போகுதுன்னா இதைப் போட்டு நிதானமா போட்டோ எடுக்கலாம்.

இங்க ரெண்டு இடத்துல ஆளுங்க மாட்டுவாங்க. ஒண்ணு பிட்லாக்கர், அதாவது டிஸ்க்கைப் பூட்டி வைக்கற விண்டோஸ் வசதி. டிஸ்க் லாக் ஆகியிருந்தா 48 இலக்க ரிகவரி கீ கேக்கும், உங்களுக்கே தெரியாம அது ஆன் ஆகியிருக்கலாம், மைக்ரோசாஃப்ட் அக்கவுன்ட் வச்சு லாகின் பண்ணின மெஷின்னா ஃபோன்லேந்து அந்த அக்கவுன்ட்டைத் திறந்து பாருங்க, அநேகமா கீ அங்க இருக்கும், ஆஃபீஸ் லேப்டாப்னா ஐடி ஆளுங்க கிட்ட இருக்கும். ரெண்டாவது, சேஃப் மோடுல சில சமயம் பின் நம்பர் வேலை செய்யாது, அக்கவுன்ட்டோட முழு பாஸ்வேர்டு தேவைப்படும், அது ஞாபகம் இருக்கான்னு முன்னாடியே பாத்துக்கோங்க.

உள்ள போயாச்சு, இப்ப கடைசியா போட்டதை எடுக்கணும்

கன்ட்ரோல் பேனல்ல ப்ரோக்ராம்ஸ் அண்ட் ஃபீச்சர்ஸ் திறந்து, இன்ஸ்டால்டு ஆன்ங்கற தலைப்புல ஒரு க்ளிக் பண்ணுங்க, தேதி வாரியா அடுக்கிடும். பிரச்சனை ஆரம்பிச்ச அன்னிக்கு என்ன என்ன ஏறியிருக்குன்னு தெரியும். நீங்க ஒண்ணுதான் போட்டேன்னு நினைப்பீங்க, அங்க பாத்தா மூணு இருக்கும், கூடவே ஒட்டிக்கிட்டு வந்தது.

இன்னும் தெளிவா வேணும்னா ரன் பாக்ஸ்ல (விண்டோஸ் கீயையும் R கீயையும் சேத்து அழுத்தினா வரும்) பெர்ஃப்மான் ஸ்பேஸ் ஸ்லாஷ் ரெல்னு (perfmon /rel) ஆங்கிலத்துல டைப் பண்ணுங்க, ரிலையபிலிட்டி மானிட்டர் திறக்கும். எனக்கு ரொம்பப் பிடிச்ச இடம் இது, பல பேருக்கு இருக்கறதே தெரியாது. நாள் நாளா கட்டம் போட்டு, என்னிக்கு என்ன இன்ஸ்டால் ஆச்சு, என்னிக்கு எது விழுந்துச்சுன்னு சிவப்பு பெருக்கல் குறியோட காட்டும். இன்ஸ்டால் ஆன கட்டமும் முதல் சிவப்பு குறியும் பக்கத்துல பக்கத்துல இருந்தா வேற சாட்சியே வேண்டாம். ஈவென்ட் வியூவர்ல போய் கர்னல் பவர் 41ஐப் பாத்து ஹார்டுவேர் போச்சுன்னு பதறாதீங்க, மெஷின் ஒழுங்கா ஷட் டவுன் ஆகாம நின்னுச்சுன்னு மட்டும்தான் அதுக்கு அர்த்தம், ஏன்னு அது சொல்லாது.

சரி, ஆள் யாருன்னு தெரிஞ்சது, உடனே அன்இன்ஸ்டால் கொடுத்தா பல நேரம் விண்டோஸ் இன்ஸ்டாலர் சர்வீஸை அணுக முடியலன்னு ஒரு எரர் வரும். நான் மேல வரிசை முக்கியம்னு சொன்னது இதுக்குத்தான். சேஃப் மோடுல அந்த சர்வீஸ் ஓடாது, அதை நம்பியிருக்கற அன்இன்ஸ்டாலரும் ஓடாது. அப்ப என்ன பண்ணணும்னா, இங்க வச்சு அதை எழவிடாம மட்டும் பண்ணிட்டு, சாதாரண மோடுக்குப் போய் அங்க வச்சு அன்இன்ஸ்டால் பண்ணணும்.

ரன் பாக்ஸ்ல எம்எஸ்கான்ஃபிக் (msconfig) போடுங்க, சர்வீசஸ் டேப், கீழ ஹைட் ஆல் மைக்ரோசாஃப்ட் சர்வீசஸ்ங்கற டிக்கைக் கட்டாயம் போடுங்க, இதை மறந்துட்டு எல்லாத்தையும் நிறுத்தினா புதுப் பிரச்சனை வரும். மிச்சம் இருக்கறதுல அந்த சாஃப்ட்வேர் சம்பந்தப்பட்டதோட டிக்கை எடுங்க. டாஸ்க் மேனேஜர்ல ஸ்டார்ட்அப் டேப்லயும் அதை டிஸேபிள் பண்ணுங்க. அதே எம்எஸ்கான்ஃபிக்ல பூட் டேப்ல சேஃப் பூட்னு ஒரு டிக் இருக்கும், அதுல கை வைக்காதீங்க, அதைப் போட்டுட்டு பாஸ்வேர்டு தெரியாம சேஃப் மோடுலயே சுத்திக்கிட்டு இருந்தவங்க நிறைய பேர்.

கிராஃபிக்ஸ், சவுண்டு, வைஃபை மாதிரி டிரைவர் போட்டு வந்த பிரச்சனைன்னா டிவைஸ் மேனேஜர் போய் அந்த டிவைஸ்ல ரைட் க்ளிக், ப்ராப்பர்டீஸ், டிரைவர் டேப், ரோல் பேக் டிரைவர். பழைய டிரைவர் ஏதும் இல்லன்னா அந்த பட்டன் மங்கலா இருக்கும், அப்ப அன்இன்ஸ்டால் டிவைஸ் கொடுத்து, டிரைவரையும் சேத்து அழிக்கற டிக்கைப் போடுங்க. ஆன்டிவைரஸ்னா அந்த கம்பெனியே அதுக்குன்னு ஒரு ரிமூவல் டூல் வச்சிருக்கும், அதைத்தான் நான் முதல்ல தேடுவேன், சாதாரண அன்இன்ஸ்டால் எதையாவது மிச்சம் விட்டுட்டுப் போகும்.

அன்இன்ஸ்டால் பண்ணியும் விழுதுன்னா

இது எனக்கே நடந்தது. கீபோர்டு லைட் கலரை மாத்தறதுக்கு ஒரு சின்ன சாஃப்ட்வேர் போட்டேன், ரீஸ்டார்ட் ஆச்சு, புள்ளி அஞ்சு சுத்து சுத்தும், நீலம். சேஃப் மோடு போய் அன்இன்ஸ்டால் பண்ணினேன், வெற்றிகரமா நீக்கப்பட்டதுன்னு மெசேஜ் கூட வந்துச்சு. ரீஸ்டார்ட் பண்ணினா அதே அஞ்சு சுத்து, அதே நீலம். ரெண்டு மணி நேரம் தலையைப் பிச்சுக்கிட்டேன். ராம் போயிடுச்சோன்னு கழட்டி மாட்டிக் கூட பாத்தேன்.

கடைசியா ஆட்டோரன்ஸ்னு மைக்ரோசாஃப்ட்டோட சிஸ்இன்டர்னல்ஸ் தொகுப்புல ஒரு இலவச டூல் இருக்கு, அதை வேற மெஷின்ல இறக்கி பென்டிரைவ்ல கொண்டுவந்து சேஃப் மோடுல ஓட்டினேன். அதுல ஆப்ஷன்ஸ் மெனுல மைக்ரோசாஃப்ட் என்ட்ரியை மறைக்கச் சொல்லிட்டு டிரைவர்ஸ் டேப் போனா, ஏழெட்டு வரிதான் மிச்சம், அதுல ஒண்ணு பிங்க் கலர்ல உக்காந்திருக்கு, தேதி பாத்தா நான் அந்த சாஃப்ட்வேர் போட்ட அதே நாள். பிங்க்னா வெளியிட்டவங்க யாருன்னு சரியா உறுதி ஆகலன்னு அர்த்தம், மஞ்சள்னா பதிவு இருக்கு ஃபைல் இல்லன்னு அர்த்தம். அன்இன்ஸ்டாலர் ஃபோல்டரை எல்லாம் துடைச்சுட்டு டிரைவரை மட்டும் அங்கயே விட்டுட்டுப் போயிருக்கு. டெலீட் பண்ணல, டிக்கை மட்டும் எடுத்தேன், ரீஸ்டார்ட், நேரா டெஸ்க்டாப்.

டிக்கை மட்டும் எடுத்ததுக்கு காரணம் இருக்கு. சில டிரைவர், முக்கியமா டிஸ்க் என்க்ரிப்ஷன், வெர்ச்சுவல் டிரைவ், பேக்அப் சம்பந்தப்பட்டது, டிஸ்க்குக்கும் விண்டோஸுக்கும் நடுவுல ஃபில்டரா உக்காந்திருக்கும். ரிஜிஸ்ட்ரில (விண்டோஸ் தன்னோட செட்டிங் எல்லாம் எழுதி வைக்கற இடம்) அதோட பேரை எடுக்காம ஃபைலை மட்டும் அழிச்சா, அந்த வழியா டிஸ்க்கைத் தேடிப் போற விண்டோஸுக்கு வழியே இல்லாம போய் இன்அக்செஸிபிள் பூட் டிவைஸ்னு நிக்கும். அந்த மாதிரி டிரைவர்னா ஆட்டோரன்ஸ்லயும் கை வைக்காம கீழ சொல்ற சிஸ்டம் ரீஸ்டோர் பண்ணுங்க. டிக் எடுத்தா திரும்பப் போட்டுக்கலாம், அழிச்சதைத் திரும்பக் கொண்டு வர்றது கஷ்டம்.

சேஃப் மோடே வரலன்னா

ரிப்பேர் திரை வருதா, அது போதும். அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்ல சிஸ்டம் ரீஸ்டோர் போங்க, விண்டோஸை முன்னாடி ஒரு தேதில இருந்த நிலைக்குத் திருப்பற வசதி அது, அந்தத் தேதிக்குப் பேருதான் ரீஸ்டோர் பாயின்ட். பல இன்ஸ்டாலர் தான் ஏறறதுக்கு முன்னாடி தானே ஒரு ரீஸ்டோர் பாயின்ட் போட்டு வைக்கும், அதோட பேரே லிஸ்ட்ல இருக்கும். தேர்ந்தெடுத்துட்டு ஸ்கேன் ஃபார் அஃபெக்டட் ப்ரோக்ராம்ஸ் கொடுத்தா எந்த எந்த ப்ரோக்ராம், டிரைவர் போகும்னு முன்னாடியே காட்டும். உங்க போட்டோ, டாக்குமென்ட்ல அது கை வைக்காது. நேரம் எடுக்கும், பாதில பவரை நிறுத்தாதீங்க. லிஸ்ட்ல ஒண்ணுமே இல்லன்னா அநேகமா அந்த மெஷின்ல ப்ரொடெக்ஷனே ஆஃப்ல இருந்திருக்கும், நிறைய மெஷின்ல அப்படித்தான் இருக்கு. சாஃப்ட்வேர் போட்ட அன்னிக்கே விண்டோஸ் அப்டேட்டும் ஏறியிருந்தா, அன்இன்ஸ்டால் அப்டேட்ஸ்னு அங்கயே இருக்கு, அதையும் ஒரு தடவை பாத்துடுங்க.

ரீஸ்டோர் பாயின்டும் இல்ல, டிரைவர் பேரு மட்டும் தெரியும்னா கமாண்ட் ப்ராம்ப்ட் திறங்க. முதல்ல நோட்பேடுன்னு டைப் பண்ணி என்டர் தட்டுங்க. நோட்பேடு திறக்கும், ஃபைல், ஓப்பன் போய் ஆல் ஃபைல்ஸ் வச்சா உங்க டிரைவ் எல்லாம் தெரியும், அங்கேந்தே ரைட் க்ளிக் காப்பி பண்ணி பென்டிரைவ்ல பேஸ்ட் பண்ணலாம். முக்கியமான ஃபைல் எதுவும் பேக்அப் இல்லன்னா மத்த எல்லாத்துக்கும் முன்னாடி இதைப் பண்ணிடுங்க. இந்த இடத்துல சி டிரைவ் வேற எழுத்துல இருக்கலாம், விண்டோஸ் ஃபோல்டர் எதுல இருக்குன்னு பாத்து அந்த எழுத்தை வச்சுக்கோங்க.

அடுத்து ரெஜெடிட்னு (regedit) டைப் பண்ணுங்க, ரிஜிஸ்ட்ரியைத் திறக்கற டூல் அது. ஹெச்கீ லோக்கல் மெஷினை செலக்ட் பண்ணி, ஃபைல் மெனுல லோட் ஹைவ், உங்க விண்டோஸ் ஃபோல்டருக்குள்ள சிஸ்டம்32, அதுக்குள்ள கான்ஃபிக், அதுல சிஸ்டம்ங்கற ஃபைல், ஒரு பேரு கேக்கும், ஏதாவது ஒண்ணு கொடுங்க. உள்ள போய் கன்ட்ரோல்செட்001 (பெரும்பாலும் இதுதான், உள்ளேயே செலக்ட்ங்கற இடத்துல கரன்ட்னு இருக்கற நம்பரைப் பாத்து உறுதி பண்ணிக்கோங்க), சர்வீசஸ், அதுல அந்த டிரைவர் பேரு. வலது பக்கம் ஸ்டார்ட்னு ஒரு மதிப்பு. 0ன்னா விண்டோஸ் கண்ணைத் திறக்கறதுக்கு முன்னாடியே லோடு ஆகும், 1ன்னா கர்னல் எழும்போது, 2ன்னா தானா, 3ன்னா கேட்டா, 4ன்னா எழவே கூடாது. பழைய நம்பரை எங்கயாவது எழுதி வச்சுட்டு 4 போடுங்க, நீங்க பேரு கொடுத்து லோடு பண்ணின அந்த ஹைவை செலக்ட் பண்ணி, ஃபைல் மெனுல அன்லோட் ஹைவ் கொடுத்துட்டு ரீஸ்டார்ட் பண்ணுங்க. நீங்க போட்ட சாஃப்ட்வேரோட டிரைவர்தான்னு நிச்சயமா தெரிஞ்சா மட்டும்தான் இது, மேல சொன்ன ஃபில்டர் வகைக்கு இது வேண்டாம், பேரு தெரியாத எதுக்கும் 4 போட்டுப் பாக்கற வேலையும் வேண்டாம்.

ஒரே ஒரு ஃபைல் எவ்வளவு பண்ணும்னு நம்பிக்கை வரலன்னா 2024 ஜூலை 19 நினைவுபடுத்திக்கோங்க. க்ரவுட்ஸ்ட்ரைக் செக்யூரிட்டி சாஃப்ட்வேருக்கு வந்த ஒரு அப்டேட்ல தப்பு, மைக்ரோசாஃப்ட் கணக்குப்படி கிட்டத்தட்ட 85 லட்சம் விண்டோஸ் மெஷின் நின்னுச்சு, ஃப்ளைட், ஆஸ்பத்திரி, பேங்க் எல்லாம் ஸ்தம்பிச்சது. அதுக்கு கொடுத்த தீர்வுல ஃபார்மேட் இல்ல. சேஃப் மோடு போய் அந்த சாஃப்ட்வேரோட ஃபோல்டர்ல 291னு நம்பர் இருக்கற ஒரு ஃபைலை அழிச்சு ரீஸ்டார்ட், அவ்ளோதான். பல இடத்துல லேட் ஆனது பிட்லாக்கர் கீயைத் தேடினதாலயும், ஒவ்வொரு மெஷினா ஆள் போய் உக்கார வேண்டியிருந்ததாலயும்.

டெஸ்க்டாப் வந்தப்புறம் தொங்கற கேஸ், யாருன்னே தெரியலன்னா

அதே எம்எஸ்கான்ஃபிக்ல மைக்ரோசாஃப்ட் சர்வீசை மறைச்சுட்டு மிச்சம் எல்லாத்தையும் நிறுத்துங்க, ஸ்டார்ட்அப்லயும் எல்லாத்தையும் நிறுத்துங்க. மெஷின் நல்லா வந்தா பாதியை மட்டும் ஆன் பண்ணி ரீஸ்டார்ட். நல்லா வந்தா குற்றவாளி அடுத்த பாதில, விழுந்தா இந்தப் பாதில. அந்தப் பாதியை மறுபடி பாதியாக்குங்க. 30 சர்வீஸ் இருந்தாலும் அஞ்சு ரீஸ்டார்ட்ல ஆளைப் பிடிச்சிடலாம், ஒண்ணு ஒண்ணா பாத்தா நாள் போயிடும்.

ரெண்டு ஆன்டிவைரஸ் ஒரே மெஷின்ல இருக்கான்னும் பாருங்க. ரெண்டும் ஒரே ஃபைலை ஒரே நேரத்துல பிடிச்சு இழுக்கும், தனித்தனியா ரெண்டுமே நல்ல சாஃப்ட்வேரா இருக்கும், சேந்தா தொங்கும்.

ஆளை எடுத்ததுக்கு அப்புறமும் மெஷின் ஒரு மாதிரி இருக்குன்னா அட்மினிஸ்ட்ரேட்டர் கமாண்ட் ப்ராம்ப்ட்ல எஸ்எஃப்சி ஸ்பேஸ் ஸ்லாஷ் ஸ்கேன்நவ் (sfc /scannow) ஓட்டுங்க, கெட்டுப்போன விண்டோஸ் ஃபைலை அது சரி பண்ணும். அதால முடியலன்னு சொன்னா டிஸ்ம் கமாண்டை ரீஸ்டோர்ஹெல்த் வச்சு (DISM /Online /Cleanup-Image /RestoreHealth) ஓட்டிட்டு மறுபடி எஸ்எஃப்சி.

இது எதுக்குமே அசையலன்னா ரீசெட் திஸ் பிசி, அதுல கீப் மை ஃபைல்ஸ். உங்க ஃபைல் இருக்கும், ஆனா போட்ட ப்ரோக்ராம் எல்லாம் போயிடும், அதனாலதான் இதைக் கடைசில வச்சேன்.

அந்த சாஃப்ட்வேர் கண்டிப்பா வேணும்னா

சில நேரம் வேலைக்கு அதுதான் வேணும், வேற வழி இருக்காது. அப்ப முதல்ல சிஸ்டம் ப்ராப்பர்டீஸ்ல சிஸ்டம் ப்ரொடெக்ஷன் போய் சி டிரைவுக்கு ஆன் பண்ணிட்டு, கையாலயே ஒரு ரீஸ்டோர் பாயின்ட் போடுங்க. பிட்லாக்கர் கீயை பேப்பர்ல எழுதி வையுங்க, இந்த மெஷினுக்குள்ளேயே சேவ் பண்ணி பிரயோஜனம் இல்ல. தயாரிச்சவங்க சைட்லேந்து உங்க விண்டோஸ் வெர்ஷனுக்குப் பொருந்தற புது வெர்ஷனை இறக்குங்க, கஸ்டம் இன்ஸ்டால் இருந்தா தேவையில்லாத கூடுதல் சாமான் டிக்கை எல்லாம் எடுங்க.

அன்னிக்கு வேற எதையும் போடாதீங்க, அது ஒண்ணு மட்டும். போட்ட உடனே ரீஸ்டார்ட் கொடுத்துப் பாருங்க, ஷட் டவுன் இல்ல, ரீஸ்டார்ட். ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் ஆன்ல இருந்தா ஷட் டவுன் கொடுக்கும்போது விண்டோஸ் கர்னலை அப்படியே டிஸ்க்குல எழுதி வச்சுட்டுத் தூங்கும், காலைல ஆன் பண்ணினா அதே பழைய கர்னல்தான் எழும், புது டிரைவருக்கு முழு சோதனை நடந்திருக்காது. ரீஸ்டார்ட் கொடுத்தா எல்லாம் முதல்லேந்து லோடு ஆகும். அது விழறதா இருந்தா ரீஸ்டோர் பாயின்ட் போட்ட கையோட, நீங்க முன்னாடி உக்காந்திருக்கும்போதே விழட்டும், நாலு நாள் கழிச்சு அவசர வேலைக்கு நடுவுல வேண்டாம்.